1959 கேடிலாக்கின் வால் சிறகு: சுவரில் மாட்டும்படி ஒரு படம் எடுப்பது எப்படி?

மிச்சிகனுக்குக் குடிவந்ததிலிருந்து ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமையை நான் தவறவிட்டதில்லை. அன்றுதான் டெட்ராய்ட்டை ஒட்டிய உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுத்து வரும். 1995இல் தொடங்கிய வழக்கம் அது. மூன்று வருடம் அங்கே நின்று படமெடுத்தேன். கார் தெரிந்தது, கூட்டமும் தெரிந்தது. சுவரில் மாட்டும்படி ஒன்றுகூடத் தேறவில்லை. நான்காவது வருடம், ஒரு கறுப்பு 1959 கேடிலாக் காரோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்த பிறகுதான் நினைத்த படம் வந்தது. அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். மேனுவல் மோடும் ரா ஃபைலும் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. உரிமையாளர், இடம்

கூட்ட நாளில் எடுக்காதீர்கள். உரிமையாளரிடம் பேசி, வேறொரு மாலைக்கு நேரம் கேளுங்கள். பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மேற்கே வானம் திறந்திருக்கிற, விளக்குக் கம்பம் இல்லாத காலி பார்க்கிங் போதும். கறுப்பு பெயின்ட் கண்ணாடி மாதிரி. ஒரு மின்கம்பி இருந்தால்கூடக் கதவில் கோடாக விழும்.

தூசியை நீங்கள் துடைக்க வேண்டாம். உலர்ந்த துணி பட்டாலே கீறல் விழும். அதை உரிமையாளரே செய்யட்டும். பெல்ட் பக்கிளைக் கழற்றி வைத்துவிட்டுக் காரருகே போங்கள்.

2. எதை எடுப்பது

இந்த கார் ஏறக்குறைய 19 அடி நீளம். முழுசாக எடுத்தால் விற்பனைக்குப் போட்ட படம் போலத்தான் வரும். எனக்கு வேண்டியது பின்பக்கத்தில் விமான வால் போல எழுந்து நிற்கும் சிறகு மட்டும். பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 கேடிலாக்கில் சின்ன மேடாகத் தொடங்கியது அது. வளர்ந்து வளர்ந்து 1959இல் உச்சத்தைத் தொட்டது; அடுத்த வருடமே இறங்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சிறகிலும் துப்பாக்கிக் குண்டு வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள். ஜெட் விமானத்தின் மேல் ஒரு நாடே மயங்கிக் கிடந்த காலம் அந்த ஓரடி உலோகத்தில் அப்படியே நிற்கிறது. மண்டியிட்டு, சிறகின் நுனிக்குக் கொஞ்சம் கீழே கேமராவை வையுங்கள். அப்போதுதான் நுனி வானத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும்.

3. லென்ஸ்

85 அல்லது 100 மி.மீ. வைட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் இருக்கும் சிறகு வீங்கி, வடிவமே கெட்டுவிடும். டிரைபாட் கட்டாயம்.

4. குரோம் (இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்)

முதல் முயற்சியில், கண்ணாடி போல் பளபளக்கும் குரோம் பூசிய பம்பர் முழுக்க நான்தான் இருந்தேன். வெள்ளைச் சட்டை, டிரைபாட், பின்னால் நின்ற என் வண்டி, எல்லாம். போலரைசர் ஃபில்டர் போட்டால் போய்விடும் என்று நம்பி, அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயின்டில் பளபளப்பு குறைந்தது. குரோமில் எதுவும் அசையவில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. பெயின்டிலும் கண்ணாடியிலும் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி போலரைஸ் ஆகிவிடும், அதாவது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். அதை ஃபில்டர் தடுக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. ஆகவே குரோமில் பிம்பத்தை அழிக்கப் பார்க்காதீர்கள். எந்த பிம்பம் அங்கே விழவேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

நான் செய்தது இது. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. டிரைபாட் கால்களில் கறுப்புத் துணி. நாலுக்கு எட்டு அடியில் ஒரு வெள்ளை ஃபோம் பலகையை ஃபிரேமுக்கு வெளியே, சிறகுக்கு இணையாக நிறுத்தி, அதை ஒட்டி அதே உயரத்துக்குக் கறுப்பு வெல்வெட். மனைவி பலகையைப் பிடிக்க, நான் கேமராத் திரையைப் பார்த்தபடி "இன்னும் ஒரு விரல் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். விளக்கைச் சுற்றிய குரோம் வளையத்தில் சாம்பல் குழப்பமெல்லாம் மறைந்து, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து ஓடி, சட்டென்று கறுப்பில் முடிந்தது. அந்தக் கோடு வரும்வரை ஷட்டரை அழுத்தாதீர்கள். சூரியன் மறைவதற்கு 40 நிமிடம் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

5. எடுப்பது

சூரியன் மறைந்து 10 முதல் 25 நிமிடம் வரைதான் நல்ல நேரம். ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 11, ஷட்டர் சில நொடி. ஃபோகஸை விளக்கின் விளிம்பில் கையால் வையுங்கள். ரிமோட் இல்லையென்றால் 2 நொடி டைமர். ஃபிளாஷ் வேண்டாம், குரோமில் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும்.

6. கணினியில்

கருப்பு வெள்ளையா, வண்ணமா? அந்த இரண்டு விளக்கின் சிவப்புக்காகவே நான் வண்ணத்தில் விட்டேன். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். தூசிப் புள்ளிகளை 100 சதவீதத்தில் பெரிதாக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 24 அங்குல அகலத்தில் அடித்தால் அங்குலத்துக்கு 250 பிக்சல் கிடைக்கும், அது போதும். காகிதம் மேட் பருத்திக் காகிதமாக இருக்கட்டும். காரே பளபளக்கும்போது காகிதமும் பளபளத்தால் கண் கூசும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு முயன்ற ஒருவர், பின்பக்கக் கண்ணாடியில் திட்டுத் திட்டாகப் புள்ளிகள் வருகின்றன என்று கேட்டிருந்தார். அது போலரைசரின் வேலை. டெம்பர்ட் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) கண்ணாடிக்குள் இருக்கும் அழுத்தம் அதில் தெரிந்துவிடுகிறது. டிரைபாடை அசைக்காமல், ஃபில்டரோடு ஒன்று, ஃபில்டரைக் கழற்றி ஒன்று என்று எடுத்து, கண்ணாடிப் பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு, விளக்கை எரியவிட்டு எடுத்தபோது சிவப்பு ஒரே கட்டியாக வந்திருக்கிறது. பொது ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) சரியாகவே இருந்ததாம். சிவப்பு சேனலைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டியிருக்கும். விளக்குக்கென்று இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒளியைக் கால்பங்காக்கி) இன்னொரு படம் எடுத்து, அந்த இடத்தில் மட்டும் வைத்தால் உள்ளே இருக்கும் வரிகள்கூடத் தெரியும்.