மங்கு, கரும்புள்ளி, கழுத்துக் கருப்பு: எதுன்னு கண்டுபிடிச்சுட்டு அப்புறமா க்ரீம் வாங்குங்க

ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்போ, ஆறாம் மாசம் வாக்குல எனக்கு ரெண்டு கன்னத்துலயும் ஒரே மாதிரி பழுப்பா படர ஆரம்பிச்சுது, அத்தை பார்த்துட்டு "மங்கு விழுந்திருக்கு, ஜாதிக்காய் இழைச்சுப் போடு"ன்னாங்க. பிரசவமாகி ஒரு வருஷம் கழிச்சும் போகல. ஒரு மெடிக்கல் ஷாப்ல கேட்டேன், ஒரு ட்யூப் குடுத்தாங்க, பத்தே நாள்ல முகம் பளிச்சுனு ஆயிடுச்சு, அவ்ளோ சந்தோஷம் எனக்கு, மூணு மாசம் விடாம போட்டேன். நிறுத்துன அதே வாரம் முகமெல்லாம் செவந்து எரிய ஆரம்பிச்சு, பொடிப்பொடியா பரு, கன்னத்துல பூனைமுடி, மங்கு முன்னவிடக் கருப்பா திரும்பி வந்துச்சு. தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்துல இருந்த ஸ்டீராய்டு (வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கற வீரியமான மருந்து) பேரைக் காட்டினாங்க. அந்த அழுகை வேற யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

ஸ்டெப் 1: தோல் ஏன் கருக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க

தோலோட மேல் அடுக்கோட அடிப்பகுதில மெலனோசைட்னு செல்கள் இருக்கு, மெலனின்கிற நிறமியைச் செய்யறது அதுங்கதான். வெயில் பட்டாலும், பரு வந்து வீங்கினாலும், ஹார்மோன் மாறினாலும், தேய்ச்சுத் தேய்ச்சு உரசினாலும் அதுங்க இன்னும் அதிகமா மெலனின் செய்யும். அப்போ அழுக்குன்னு நெனச்சு தேய்க்கத் தேய்க்க கருப்பு கூடத்தான் செய்யும், இது ஒண்ணு மனசுல பதிஞ்சாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துடும்.

ஸ்டெப் 2: உங்களுக்கு வந்திருக்கிறது எது?

காலைல ஜன்னல் வெளிச்சத்துல கண்ணாடி வச்சுப் பாருங்க, ட்யூப்லைட் வேண்டாம்.

பரு, கொசுக்கடி, சுட்ட காயம் இருந்த எடத்துலயே புள்ளியா நின்னா அது காயம் ஆறின கருப்பு. பரு வர்றதை நிறுத்தி, கிள்ளாம இருந்தா மெதுவா தானாவே மங்கும். பரு வந்துட்டே இருக்கும்போது புள்ளிக்கு மட்டும் க்ரீம் போடறதுல அர்த்தமே இல்ல.

ரெண்டு கன்னம், நெத்தி, மேலுதடுன்னு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி படர்ந்தா மங்கு. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வாகு எல்லாம் சேர்ந்து வர்றது. பழுப்பா இருந்தா மேலாக இருக்குன்னு அர்த்தம், சாம்பலோ நீலமோ கலந்து தெரிஞ்சா ஆழமா இருக்கு, போக ரொம்ப நாளாகும்.

கழுத்துப் பின்பக்கம், அக்குள் கருத்து, தொட்டா வெல்வெட் துணி மாதிரி தடிமனா இருக்கா? பெரும்பாலும் இது உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலங்கிறதோட அடையாளம். எத்தனையோ வீட்ல பொண்ணுங்க கழுத்தைப் பிடிச்சு "குளிக்கும்போது நல்லா தேய்டி"ன்னு திட்டறாங்க, பாவம், அந்தப் பிள்ளை மேல தப்பே இல்ல. சுகர் டெஸ்ட் எடுங்க, மாதவிடாய் ஒழுங்கா வரலன்னா அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க, எடை குறைஞ்சா கருப்பும் குறையும்.

மேல்முதுகுலயும் கைலயும் அலை அலையா கருத்திருந்தா பீர்க்கங்காய் நார், நைலான் நார் ரெண்டையும் தூக்கிப் போட்டுடுங்க. தலைக்கு டை அடிக்கிறவங்களுக்கு நெத்தி ஓரமும் காதோரமும் கருத்தா டை மேலதான் சந்தேகப்படணும்.

மச்சம் மாதிரி ஒண்ணு பெருசாகுது, ஓரம் கோணலாகுது, ரத்தம் கசியுது, இல்ல உள்ளங்கால்லயோ நகத்துக்கு அடிலயோ புதுசா கருப்பு வருதுன்னா இந்தப் பதிவை மூடிட்டு டாக்டர்ட்ட போங்க.

ஸ்டெப் 3: சன்ஸ்க்ரீன்

இது இல்லாம மத்த எதுவும் வேலை செய்யாது. எஸ்பிஎஃப் (வெயில்ல தோல் எரியாம எவ்ளோ காக்கும்ங்கிற எண்) 30-க்கு மேல இருக்கணும், யூவிஏ (தோலைக் கருக்க வைக்கிற ஒரு வெயில் கதிர்) பாதுகாப்பும் இருக்கணும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளமா பிழிஞ்சா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும், நாம பொதுவா போடற பட்டாணி அளவு பத்தவே பத்தாது. வெளில இருந்தா 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடணும். மங்கு இருக்கிறவங்க அயர்ன் ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்க்ரீன் வாங்குங்க, ஏன்னா நம்ம மாதிரி மாநிறத் தோல்ல கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே மங்கைக் கூட்டும், சாதாரண சன்ஸ்க்ரீன் அதைத் தடுக்காது. குடையும் துப்பட்டாவும் கூட வேணும்.

ஸ்டெப் 4: ஒரே ஒரு க்ரீம்

நாலஞ்சு சீரம் வாங்காதீங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நியாசினமைடு 5 சதவீதம், இல்லன்னா அசெலாயிக் ஆசிட் 10 சதவீதம் போதும். மொதல்ல முழங்கை உள்பக்கம் அஞ்சாறு நாள் தடவிப் பாருங்க, அரிக்கல எரியலன்னா முகத்துல ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி போடுங்க, மேல மாய்ஸ்சரைசர். கருப்பு குறைக்கப் போடற ரெட்டினால், ட்ரெட்டினாயின், ஹைட்ரோக்வினோன் மூணும் கர்ப்பமா இருக்கிறப்போ வேண்டாம். ஹைட்ரோக்வினோன் நல்ல மருந்துதான், ஆனா டாக்டர் சொன்ன சில மாசத்துக்கு மட்டும், வருஷக்கணக்கா போட்டா தோல் நீலக்கருப்பா மாறி அப்படியே நின்னுடும்.

ஸ்டெப் 5: தொடவே கூடாதது

எலுமிச்சம்பழம் தேய்ச்சுட்டு வெயில்ல போனா தோல் வெந்து இன்னும் கருக்கும். ஆப்பசோடாவும் தோலை எரிச்சுப் புண்ணாக்கும்.

எந்த ட்யூப் வாங்கினாலும் பின்னாடி படிங்க: மொமெட்டாசோன், பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன், இதெல்லாம் ஸ்டீராய்டு, இதுல ஒரு பேர் இருந்தாலும் டாக்டர் சீட்டு இல்லாம முகத்துல வைக்காதீங்க. ஏற்கனவே மாசக்கணக்கா போட்டுட்டிருந்தா திடீர்னு நிறுத்தாம, டாக்டரைப் பார்த்து அவங்க சொல்ற மாதிரி குறைங்க.

லேபிள் சரியா இல்லாத சிவப்பழகு க்ரீம் இன்னும் மோசம். 2023-ல கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல கிட்னி பாதிச்சு வந்தவங்களை விசாரிச்சப்போ அவங்க போட்ட க்ரீம்ல பாதரசம் இருந்துச்சு. முகத்துல தடவினது கிட்னி வரைக்கும் போயிருக்குங்க.

ஸ்டெப் 6: போட்டோ எடுத்து வச்சுட்டுக் காத்திருங்க

மாசம் ஒருதரம் அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாம ஒரு போட்டோ. தினமும் கண்ணாடி பார்த்தா மாற்றமே தெரியாது, மனசுதான் நொந்துபோகும். 3 மாசத்துல கொஞ்சமும் மங்கலன்னா டாக்டர்ட்ட போற நேரம் வந்துடுச்சு, அந்தப் போட்டோவையும் இதுவரைக்கும் போட்ட எல்லா ட்யூபையும் பைல போட்டு எடுத்துட்டுப் போங்க.

எனக்கு ஸ்டீராய்டு எரிச்சல் அடங்கவே நாலு மாசம், அதுக்கப்புறம் மங்கு லேசாக இன்னும் ஏழு மாசம் ஆச்சு. இப்பவும் சித்திரை வெயில்ல ரெண்டு நாள் குடை மறந்தா இடது கன்னத்துல லேசா எட்டிப் பார்க்குது, மறுபடி ஸ்டெப் 3-ல இருந்து ஆரம்பிக்கிறேன்.