அமெரிக்காவில் மந்தம் வந்தால் ஐ.டி. பங்குகளை எப்படி எடைபோடுவது?

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறது. அங்கே செலவைச் சுருக்கினால் இங்கே பங்கு விலை ஆடும். ஆட்டம் எவ்வளவு ஆழமானது என்பதைக் காலாண்டு முடிவுகளிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ரூபாய்க் கணக்கை ஒதுக்கிவையுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். 2008-09 நிதியாண்டில் இன்ஃபோசிஸின் வருவாய் 16,692 கோடி ரூபாயிலிருந்து 21,693 கோடியானது. 30% வளர்ச்சி! அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலான ஆண்டிலா? டாலரில் பார்த்தால் 418 கோடி 466 கோடியாகியிருந்தது; 12 சதவீதம்கூட இல்லை. 2008 தொடக்கத்தில் 40 ரூபாய்க்குக் கீழே இருந்த டாலர், 2009 மார்ச்சில் 50 ரூபாயைத் தாண்டியது. மிச்ச வளர்ச்சி ரூபாயின் அந்தச் சரிவு கொடுத்தது. அடுத்த ஆண்டு டாலர் வருவாய் 3% மட்டுமே கூடியது. ஆகவே முடிவு அறிக்கையில் ‘கான்ஸ்டன்ட் கரன்சி’ வளர்ச்சி (நாணய மாற்று விகிதம் மாறாதிருந்தால் வருவாய் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது) என்ற வரியைத் தேடுங்கள். அதை முந்தைய காலாண்டோடும், சென்ற ஆண்டின் அதே காலாண்டோடும் ஒப்பிடுங்கள். அக்டோபர்-டிசம்பரில் அங்கே விடுமுறை அதிகம், வேலைநாள் குறைவு. அந்தக் காலாண்டின் தொய்வை மட்டும் வைத்து மந்தம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்து ஒப்பந்தங்கள். மந்தத்தில் வாடிக்கையாளர்கள் சின்னச் சின்னப் புதிய திட்டங்களை நிறுத்திவிட்டு, செலவைக் குறைக்கும் பெரிய, நீண்டகால ஒப்பந்தங்களைத் தருவார்கள். அதனால் ‘சாதனை அளவு டீல்’ என்ற செய்தியும் தேங்கிய வருவாயும் ஒரே காலாண்டில் வரலாம். 5 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் என்றால், சமமாகப் பிரித்தால் காலாண்டுக்கு 15 கோடிதான். அதில் பழைய ஒப்பந்தத்தின் புதுப்பிப்பு எவ்வளவு, புத்தம் புதிது எவ்வளவு என்று பாருங்கள். புதுப்பிப்பு விலைக்குறைப்போடு வந்திருந்தால் வருவாய் கூடாது, குறையும்.

லாப வரம்பு (வருவாயில் லாபத்தின் சதவீதம்) குறையாமல் நிற்கிறதா? உடனே மகிழ வேண்டாம். சம்பள உயர்வைத் தள்ளிப்போட்டோ, ஆள் எடுப்பதை நிறுத்தியோ ஒன்றிரண்டு காலாண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். பெஞ்சில் இருப்பவர்கள் (திட்டம் ஏதும் இல்லாமல் காத்திருக்கும் ஊழியர்கள்) குறைந்து யூட்டிலைசேஷன் (திட்டங்களில் வேலை செய்யும் ஊழியர்களின் விகிதம்) ஏறியிருந்தால், மொத்த ஊழியர் எண்ணிக்கையையும் பாருங்கள். அதுவும் சேர்ந்து இறங்கியிருந்தால், ஏற்றத்துக்குக் காரணம் புதிய வேலை வந்ததல்ல, ஆள் குறைந்ததுதான்.

வசூலையும் கவனியுங்கள். வரவேண்டிய பாக்கியையும் இன்னும் பில் போடாத தொகையையும் கூட்டி, காலாண்டு வருவாயால் வகுத்து, 90ஆல் பெருக்குங்கள். கிடைப்பது நாள் கணக்கு. அது காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டே போனால், வாடிக்கையாளர்கள் பணத்தை இழுத்தடிக்கிறார்கள்.

விலை மலிவா என்று பார்க்கும்போது சென்ற ஆண்டு லாபத்தை அப்படியே எடுக்காதீர்கள். 1,500 ரூபாய்ப் பங்குக்கு 60 ரூபாய் லாபம் என்றால் பி.இ. (விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் கிடைப்பது) 25. லாபம் 15% குறைந்து 51 ஆனால், அதே விலைக்கு 29.4. இந்த இரண்டாவது எண்ணை அந்தப் பங்கின் பத்தாண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

‘மந்தம் முடிந்தது’ என்ற அறிவிப்புக்காகக் காத்திருப்பதில் பயனில்லை. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அமெரிக்காவின் என்.பி.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு அமைப்பு முறைப்படி அறிவித்தது 2008 டிசம்பரில். அது 2009 ஜூனில் முடிந்ததைச் சொன்னது 2010 செப்டம்பரில். எஸ்&பி 500 என்ற அமெரிக்கப் பங்குக் குறியீடு அடிமட்டத்தைத் தொட்டதோ 2009 மார்ச் 9 அன்று. நிறுவனத்தின் கணிப்பும் அடிமட்டத்தில் அளவுக்கு மீறி இருண்டிருக்கும்: டாலர் வருவாய் 3.1 முதல் 6.7% வரை குறையும் என்று 2009 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் சொன்னது. மேலே பார்த்த 3% உயர்வு அந்த ஆண்டுக்குத்தான். அதனால் ஒரே தேதியில் மொத்தப் பணத்தையும் போடாமல், நான்கைந்து தவணைகளாக, ஒவ்வொரு காலாண்டு முடிவுக்குப் பிறகும் வாங்குங்கள். கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சி தொடர்ந்து இரண்டு காலாண்டு மேலும் மோசமானால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள்.