பயிற்சி மருத்துவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் தொடங்கி, நோயாளியிடம் பேசும் முறையும் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. மனப்பாங்கு, நெறிமுறை, தொடர்பாடல் மூன்றையும் சேர்த்து ‘ஏட்காம்’ (AETCOM) என்பார்கள். வரவேண்டியதுதான். ஆனால் அதை நாலு ஸ்லைடு போட்டு வகுப்பறையிலேயே முடித்துவிடுவது பெரிய தவறு. ஊசி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தானே திருத்துகிறோம்? பேச்சையும் அப்படித்தான் திருத்த முடியும்.

வடசென்னை ஓ.பி. ஒன்றுக்கு, காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகும் ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வருகிறார் என்று வையுங்கள். “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. புரிஞ்சுதா?” என்கிறார் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். மீனவர் தலையாட்டுகிறார். அடுத்த சீட்டு. நாமும் சரியாகச் சொன்னார் என்று விட்டுவிடுகிறோம். படகு ஏறினால் கரை திரும்பப் பல நாள் ஆகும், சாப்பாடும் தூக்கமும் வலை இழுக்கும் நேரத்தைப் பொறுத்தது என்ற பேச்சே அங்கே வரவில்லை. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். நடுக்கடலில் மயங்கினால் யார் பார்ப்பது? ‘புரிஞ்சுதா’ என்று டாக்டர் கேட்டால் இல்லை என்று சொல்பவர் அபூர்வம். “போட்ல இருக்கும்போது இதை எப்படிண்ணா போடுவீங்க, நீங்களே சொல்லுங்க” என்று கேட்கப் பழக்குங்கள்.

கூட்டத்தைக் காரணம் காட்டி, நோயாளியின் பேச்சை வெட்டுவதை அனுமதிக்காதீர்கள். 1984-இல் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் அமெரிக்காவில் செய்த ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். கூட்டம் அதிகமுள்ள நம் ஓ.பி.க்களில் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளருக்கு, கூட வந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க விடக் கூடாது. இந்தி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ரவுண்ட்ஸில் சீனியரே “பன்னிரண்டாம் பெட்டு” என்று கூப்பிட்டு, வயதானவரை ‘வா, போ’ என்றால், மாணவர் கற்பது அதைத்தான். வகுப்பில் சொன்ன மரியாதை அங்கேயே போய்விடும்.

என்னால் ஏற்கவே முடியாதது ஒன்று உண்டு. இரவில் ஒருவர் இறந்துவிட்டால், வீட்டாரிடம் சொல்ல ஹவுஸ் சர்ஜனைத் தனியாக அனுப்புவது. கெட்ட செய்தி சொல்ல ‘ஸ்பைக்ஸ்’ என்ற ஆறு படி முறையை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் வராந்தாவில் ஒரு தாய் அலறும்போது எந்தப் படியும் நினைவுக்கு வராது. முதல் சில முறை சீனியர் பேசட்டும், ஹவுஸ் சர்ஜன் கூட நிற்கட்டும். அப்புறம் அவர் பேசட்டும், சீனியர் கூட நிற்கட்டும். முடிந்ததும் இருவரும் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச வேண்டும், அந்த இரவிலேயே.