நெல்மூடையோடு வந்த விருந்தாளி: எலி பிடிக்கப் பழகுவோருக்கு

காலபோக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் நெல்மூடை விறாந்தைக்கு ஏறினால் பின்னாலேயே எலியும் ஏறும். நாங்கள் இருப்பது கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வயல்கரையில். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், எங்கள் வீட்டு எலிக்கு அந்த ரோசமெல்லாம் இல்லை, எங்களுடைய குசினியே போதும் என்று இருந்துவிட்டது. போன மாதம் ஒரு புதுச் சவர்க்காரக் கட்டியின் மூலையை, சின்ன உளியால் செதுக்கியது மாதிரி இரண்டிரண்டு கோடாகச் சுரண்டி வைத்திருந்தது. முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கிற சாதி, எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும்.

சரி, முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். புழுக்கை நெல்மணியை விடச் சிறிதென்றால் சுண்டெலி, பெரிதென்றால் வீட்டெலி. நாற்றத்தோடு கீச்சிட்டுக்கொண்டு ஓடுவது மூஞ்சூறு. கரப்பான் தின்கிற அப்பாவி, விட்டுவிடுங்கள்.

பிறகு பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். எலி நடு அறையால் நடக்காது, சுவரோடு உரசிக்கொண்டுதான் போகும். இரவு படுக்கமுன் சுவரோரம் அடுப்புச் சாம்பலை மெல்லிதாகத் தூவிவிட்டால் விடிய காலடி தெரியும்.

அந்தப் பாதையில், வாய் சுவரோரமாக இருக்கும்படி எலிக்கூட்டை வையுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் பிழைவிடுவது இங்கேதான்: வைத்த அன்றே பிடிபட வேண்டும் என்று நிற்பார்கள். எலிக்குப் புதுச் சாமான் என்றால் பயம், இரண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிட்ட வரும். அதனால் கதவு விழாதபடி நூலால் கட்டிவிட்டு, நாலு இரவு சும்மா சாப்பாடு போடுங்கள். "எலி பிடிக்கிறீங்களோ, வளர்க்கிறீங்களோ?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். ஐந்தாம் நாள் நூலை அவிழ்த்துவிட்டு, நெருப்பில் வாட்டிய தேங்காய்ச்சொட்டையோ கருவாட்டுத் தலையையோ கொளுக்கியில் நூல் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். சும்மா செருகினால், கதவை அசைக்காமல் தின்றுவிட்டு நன்றி சொல்லாமல் போய்விடும், எங்கள் ஆள் இரண்டு தரம் அப்படித்தான் செய்தார்.

நஞ்சு வைக்காதீர்கள். ஒருமுறை வைத்தேன், அது சீலிங்குக்கு மேலே, யாரும் கை நுழைக்க முடியாத மூலையாகப் பார்த்துச் செத்தது. ஒரு கிழமை முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தோம், அந்தக் கிழமைதான் பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். நஞ்சு தின்ற எலியைத் தின்று பூனையும் ஆந்தையும் சாகலாம், அது வேறு.

கூட்டை வெறுங்கையால் தூக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால்தான் வருகிறது, கையில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். பொலித்தீன் பையாவது சுற்றிக்கொள்ளுங்கள், கூட்டைப் பிறகு குளோரின் விட்டுக் கழுவுங்கள். வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஓட்டை அடைக்காவிட்டால் இவ்வளவும் வீண். அரை அங்குல இடைவெளி எலிக்குக் கதவு மாதிரி. பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளைத் திணித்து மேலே சீமெந்து பூசுங்கள். மூடைகளைப் பலகையில் ஏற்றி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள், பூனை நடந்துபோக வழி வேண்டுமே. எங்கள் பூனை அந்த மூடைக்கு மேலேதான் நித்திரை, அது வேறு கதை.

பிடிபட்டதை என்ன செய்வது? எனக்குக் கொல்ல மனம் வரவில்லை. விடியப்புறம் சைக்கிளில் கட்டி ஒரு கட்டை (மைல்) தூரம் குளக்கட்டுப் பக்கம் கொண்டுபோனேன். எதிரே, குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணர் சாக்கால் மூடிய கூடு ஒன்றோடு எங்கள் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, மீனுக்கோ?"

"ஓம் அண்ணை, நீங்களும் மீனுக்கோ?"

"ஓம் ஓம்."

இரண்டு மீனும் கீச்சிட்டன.