சில்லைகளை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பை அடுத்த தலங்கம வயலோரத்திலும் தியசரு பூங்காவிலும் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுவது சில்லைகள் (munia) என்னும் சின்னஞ்சிறு குருவிகளிடம்தான். பெயரை மறப்பது, ஒன்றை இரண்டு தரம் எண்ணுவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாகாதவை.

வெறும் பழுப்பைப் பருவ நிறம் என்று எண்ணுவது

எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. புள்ளிச் சில்லைக் கூட்டத்தில் மார்பில் செதில் கோலம் இல்லாத குருவி ஒன்று இருந்தால், உடனே "பெட்டை" என்றோ "கூடு கட்டும் காலம் முடிந்த நிறம்" என்றோ குறித்துவிடுகிறார்கள். சில்லைகளுக்குப் பருவத்துக்குப் பருவம் நிறம் மாறுவதில்லை. வளர்ந்த ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான். வெறும் பழுப்பு என்றால் அது இளம்பறவை.

இதிலும் மோசம், அதை வெண்தொண்டைச் சில்லை என்று பதிவது. அது இலங்கையில் உலர் வலயப் பறவை. கொழும்பில் இப்படி ஒரு பதிவு ஏறினால் பரவல் வரைபடமே கெட்டுப்போகும். பிறகு யாராவது உட்கார்ந்து அதை நீக்க வேண்டும். வாலைப் பார்த்தால் போதும். வெண்தொண்டைச் சில்லைக்கு வால் நீண்டு, கூராக, கறுப்பாக இருக்கும். பறக்கும்போது பிட்டம் வெள்ளையாகத் தெரியும். இளம் புள்ளிச் சில்லைக்கு வால் குட்டை, பழுப்பு. வெள்ளைப் பிட்டமும் கிடையாது.

கருந்தலைச் சில்லையின் இளசும் இதே பழுப்புத்தான். எல்லாம் 11 செ.மீ. அளவு என்பதால் உருவமும் உதவாது. இறகு மாறத் தொடங்கியிருக்கிறதா என்று தேடுங்கள்: தொண்டையில் செம்பழுப்புத் திட்டு, விலாவில் ஓரிரு செதில் என்றால் புள்ளிச் சில்லை, தலையில் கருந்திட்டு என்றால் கருந்தலை. ஒன்றும் தெரியாவிட்டால் "சில்லை, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். பக்கத்தில் நிற்கும் வளர்ந்த பறவையை வைத்து முடிவுகட்ட வேண்டாம், கலந்து மேய்வது அவற்றின் வழக்கம். ஆனால் அது இளசுக்கு இரை ஊட்டினால் சந்தேகமே இல்லை.

வெண்முதுகுச் சில்லை

பறக்கும்வரை காத்திருங்கள், மூடிய சிறகு முதுகின் வெள்ளையை மறைத்துவிடும்.

தூக்கணாங்குருவியைச் சிட்டுக்குருவிப் பெட்டை என்பது

பருவத்தோடு உண்மையில் நிறம் மாறுவது இதுதான். கூடு கட்டும் காலத்தில் ஆணுக்கு மஞ்சள் உச்சியும் கரிய கன்னமும் இருக்கும். பிறகு அதுவும் பெட்டையைப் போலவே கோடுபோட்ட பழுப்பாகிவிடும். சிட்டைவிடத் தடித்த கூம்பு அலகையும் குட்டை வாலையும் கவனியுங்கள். மார்பில் அடர்ந்த கரும் கீற்றுகள் ஓடினால் அது கீற்றுத் தூக்கணாங்குருவி.

எதிர்வெயில் படம்

நிறத்துக்குச் சான்றாகாது. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று, பறக்கும்போது ஒன்று எடுங்கள்.