மூட்டு ஜவ்வுத் தையல்: வெளியே பிரித்தாச்சு, உள்ளே?

"ஜவ்வு கிழிந்துவிட்டது" என்று டாக்டர் சொன்னால், எந்த ஜவ்வு என்று முதலில் கேட்டு வையுங்கள். நம் ஊரில் தசைநாரும் ஜவ்வுதான், மெனிஸ்கஸும் ஜவ்வுதான். இங்கே பேசுவது மெனிஸ்கஸைப் பற்றி. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே, ஒவ்வொரு முழங்காலிலும் இரண்டு பிறை வடிவ மெத்தைகள் இருக்கின்றன, அவைதான்.

கிழிந்த மெனிஸ்கஸை ஆபரேஷன் செய்து தைத்த பிறகு, தோலில் போட்ட தையலை 10 முதல் 14 நாளில் பிரித்துவிடுவார்கள். அதோடு எல்லாம் ஆறிவிட்டதென்று நினைப்பதுதான் பெரிய தவறு. உள்ளே போட்ட நூல் பெரும்பாலும் கரையாத நூல், அங்கேயே இருந்துவிடும். அதன் வேலை கிழிந்த இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது மட்டும்தான். ஒட்டவைப்பது ரத்த ஓட்டம். மெனிஸ்கஸின் வெளிவிளிம்புக்குத்தான் நல்ல ரத்தம் வருகிறது, உள்விளிம்புக்குக் கிட்டத்தட்ட இல்லை. அதனால் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

"பக்கத்து வீட்டுக்காரர் மறுநாளே நடந்தாரே!" அவருக்குக் கிழிந்த துண்டை வெட்டி எடுத்திருப்பார்கள். வெட்டினால் சீக்கிரம் நடக்கலாம், ஆனால் மெத்தை குறைந்துவிடும். எடின்பரோவில் தாமஸ் அனாண்டேல் என்ற அறுவை மருத்துவர் 1883-லேயே மெனிஸ்கஸைத் தைத்தார். இருந்தும் வெகுகாலம் வெட்டி எடுப்பதே வழக்கமாக இருந்தது. அப்படி எடுத்த மூட்டுகளில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறுகுவதை 1948-ல் ஃபேர்பேங்க் என்ற டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினார்.

அடுத்தது, குத்தவைத்து உட்காருவது. முழங்கால் 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் தொடை எலும்பு மெனிஸ்கஸின் பின்பகுதியை அழுத்திப் பின்னால் தள்ளும். அவித்த முட்டையை நூலால் அறுப்போமே, அதுபோலத் தையல் நூலே திசுவை அறுத்துக்கொண்டு வந்துவிடலாம். பொதுவாக முதல் 4 முதல் 6 வாரம் 90 டிகிரியைத் தாண்ட விடமாட்டார்கள். ஆழமாகக் குத்தவைக்க 4 முதல் 6 மாதம் ஆகலாம். இந்தியன் டாய்லெட், சம்மணம் இரண்டுக்கும் மாற்று ஏற்பாட்டை ஆபரேஷனுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

சரி, பயந்துபோய்க் காலை அசைக்காமலே வைத்திருந்தால்? அதுவும் தப்பு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, மூட்டு அசையும்போது நகரும் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. அசைவில்லாத மூட்டில் தழும்புத் திசு வளர்ந்து இறுகிவிடும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்யும் தவறு. கால் மடங்கியபடியே பழகி, முழுதாக நீளாமல் போகும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

உள்ளே போட்ட தையலின் முடிச்சு சில சமயம் எதிரே இருக்கும் குருத்தெலும்பில் உரசும். 1990-களில் நூலுக்குப் பதில் வந்த அம்பு போன்ற சிறு ஊசிகள் இப்படி உரசிப் பள்ளம் விழவைத்ததால்தான் மவுசு இழந்தன. புதிதாக மூட்டு மாட்டிக்கொண்டாலோ வீங்கினாலோ "தையல் செட் ஆகுது" என்று விட்டுவிடாமல் போய்க் காட்டுங்கள். காய்ச்சலும் காயத்தில் கசிவும் வந்தால் அன்றைக்கே. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

அப்புறம், நன்றாக ஆறிய பிறகும் எம்ஆர்ஐயில் தைத்த இடம் கிழிசல் போலவே தெரியலாம். ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தைத்த டாக்டரிடமே முழங்காலையும் காட்டுங்கள்.