குடியை விட்ட பிறகு கூடிப்போகும் டீயும் சிகரெட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியை நிறுத்தியவர் வீட்டில் முதல் மாதம் நிம்மதி வரும். இரண்டாம் மாதம் ஒரு குழப்பமும் கூடவே வரும். மனுஷன் டாஸ்மாக் பக்கமே போவதில்லை, சம்பளம் முழுசாக வீடு வந்து சேர்கிறது. ஆனால் நாளுக்கு மூன்று டீ குடித்தவர் இப்போது எட்டு, பத்து என்று போய்க்கொண்டிருக்கிறார். அரைப் பாக்கெட் சிகரெட் ஒரு பாக்கெட் ஆகிவிட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர், சோமனூரில் தறி ஓட்டுபவர், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியோடு மாசக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடப்பவர் என்று யாரைப் பார்த்தாலும் இதே கதைதான்.

இது அவருடைய மனபலக் குறைவு இல்லை. பல வருஷம் சாராயத்துக்குப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது வேறு எதிலாவது அந்தச் சின்னச் சந்தோஷத்தைத் தேடும். சிகரெட்டில் உள்ள போதைப்பொருளான நிகோடின் புகையோடு உள்ளே போன சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். டீ, காபியில் உள்ள காபீன் களைப்பை மறைக்கும். அதோடு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கைக்கும் வாய்க்கும் வேலை இல்லாமல் போனது சாதாரண வெறுமை இல்லை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்கு வரும் 289 பேரிடம் விசாரித்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88.5 சதவீதம் பேர் காபி குடிப்பவர்கள், 56.9 சதவீதம் பேர் புகைப்பவர்கள். ஊர் எதுவானாலும் வழி ஒன்றுதான் போலிருக்கிறது.

இதில் நான் பார்க்கும் முதல் தவறு, மற்ற எல்லாத் தவறுக்கும் தாய் என்றே சொல்வேன்: டீயையும் சிகரெட்டையும் ஒரே தராசில் வைப்பது. சில வீடுகளில் இரண்டையும் ஒன்றாகத் திட்டுகிறார்கள். சில வீடுகளில் இரண்டையும் ஒன்றாக மன்னித்துவிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. டீ நேரத்தையும் அளவையும் பார்த்துச் சரிசெய்யக்கூடிய விஷயம். சிகரெட் ஆளைக் கொல்லும் விஷயம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதற்குள் இறந்துபோயிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குக் காரணம் புகையிலை சம்பந்தப்பட்டது. மது சம்பந்தப்பட்டது மூன்றில் ஒரு பங்குதான். குடியிலிருந்து மீட்க ஊரே கூடி நின்ற மனிதர்களைப் புகை கொண்டுபோயிருக்கிறது. 1935-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் 1934 டிசம்பருக்குப் பிறகு மதுவைத் தொடவில்லை. 36 வருஷம் குடிக்காமல் வாழ்ந்தவர், புகையால் கெட்ட நுரையீரலோடு 1971-இல் இறந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அத்தனை பேரைக் காப்பாற்றிய மனிதர்.

“இதையும் புடுங்கினா திரும்பக் குடிக்கப் போயிருவாருங்க” என்று வீட்டுக்காரம்மா சொல்வதையும் கேட்டிருக்கிறேன், மில்லில் கூட வேலை செய்பவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பயம் புரிகிறது. வருஷக்கணக்கில் பட்ட பாடு அப்படி. ஆனால் ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதரவாக இல்லை. குடி, போதைச் சிகிச்சையோடு சேர்த்துப் புகையை விடவும் உதவி பெற்றவர்களைப் பற்றிய 19 ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் கணக்குப் பார்த்தார்கள். அப்படி உதவி பெற்றவர்கள் நீண்ட காலம் போதையில்லாமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வதைவிடச் சில மாதம் தள்ளிச் செய்வது நல்லது என்று காட்டிய ஆய்வும் உண்டு. அதனால் எந்த மாதம் தொடங்குவது என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்யலாம். “அப்புறம் பாத்துக்கலாம்” என்று தேதியே இல்லாமல் தள்ளிப்போடுவதுதான் தவறு. காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறவர் என்றால் பிடிப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு வெறும் வைராக்கியம் போதாது, சிகிச்சை வேண்டும்.

டீக் கணக்கு

சரி, டீக்கு வருவோம். இங்கே பலரும் கிளாஸை மட்டும் எண்ணுகிறார்கள், நேரத்தைக் கவனிப்பதில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் காபீனுக்கு மேல் வேண்டாம் என்கிறது. 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டிக்காஷன் காபியில் 80 முதல் 120 வரை இருக்கும். டீ விற்கும் பேக்கரிகளில் கிளாஸ் சின்னதுதான். ஆனால் “ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்று கேட்டு வாங்கினால் கணக்கு மேலே போய்விடும். எட்டு ஸ்ட்ராங் டீயும் வீட்டில் இரண்டு பில்டர் காபியும் என்றால் அளவைத் தாண்டியாயிற்று.

நேரம் இதைவிட முக்கியம். உள்ளே போன காபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவிலும் உடம்பில் இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. குடியை விட்டவருக்குத் தூக்கம் ஏற்கெனவே கெட்டுத்தான் இருக்கும், சரியாக மாதக்கணக்கில் ஆகும். அந்தச் சமயத்தில் சாயங்காலம் நாலு டீயைப் போட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கு முதலில் வரும் எண்ணம் என்ன? ஒரு கட்டிங் போட்டால் தூங்கிவிடலாம் என்பதுதான். டீ நேராக யாரையும் பாருக்கு அழைத்துப் போவதில்லை. கெட்ட தூக்கம் அழைத்துப் போகும்.

இன்னொன்றும் உண்டு. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத பதற்றம், வியர்வை. காபீன் அதிகமானாலும் இவை வரும், குடியை விட்ட உடம்புக்கும் வரும். தனக்குக் குடி ஆசை முற்றிவிட்டது என்று பயந்துபோகிறவர், அன்று எத்தனை டீ குடித்தோம், மத்தியானம் சாப்பிட்டோமா என்று யோசிப்பதே இல்லை. காலையில் டிபனைத் தவிர்த்து டீயும் பன்னுமாக ஓட்டுகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கலாம். வயிற்றுக்கு ஏதாவது போட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் பொறுத்தால் பலருக்குத் தணிந்துவிடும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் என்று வந்தால் பொறுத்துப் பார்க்கவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டைசல்பிரம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் அந்த மாத்திரை, காபீன் உடம்பிலிருந்து வெளியேறுவதையும் மெதுவாக்கும். முன்பு ஆறு டீ குடித்தும் ஒன்றும் ஆகாதவருக்கு இப்போது நாலிலேயே படபடக்கலாம். இதை மருந்துச்சீட்டு எழுதும்போது சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

அதற்காக ஒரே நாளில் டீயை நிறுத்துவதும் தவறுதான். நிறைய குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் அடுத்த நாளுக்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். எரிச்சல், சோர்வு எல்லாம் சேர்ந்து ஒரு வாரம் வரை படுத்தும். குடியை விட்ட முதல் மாதங்களில் இந்தத் தொல்லை தேவையே இல்லை. மூன்று நாலு நாளுக்கு ஒரு கிளாஸ் என்று குறைக்கலாம், சாயங்கால டீயிலிருந்து தொடங்கலாம். மூன்று மணிக்கு மேல் சுக்கு மல்லி காபிக்கு மாறிக்கொண்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பேரில்தான் காபி, தூள் போடாமல் வைத்தால் அதில் காபீன் இல்லை. கையில் சூடாக ஒரு டம்ளர் இருக்கிறது, பேச்சுத்துணையும் இருக்கிறது. பாதித் தேவை அதுதானே. சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றாலே பத்து டீக்கு இருபது ஸ்பூன் ஆகிவிடும். கருப்பட்டி போட்டாலும் அதுவும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

மாற்று என்று நினைத்துச் செய்வது

சிகரெட்டைக் குறைக்கிறேன் என்று ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில் ஒதுக்கும் புகையிலைப் பக்கம் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கம்பெனிக்குள் புகைக்க முடியாது, உதட்டுக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அதனால் வேகமாகப் பழகிவிடுகிறது. புகை இல்லை, அவ்வளவுதான். நிகோடின் அதேதான், வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. பல வருஷம் மதுவும் புகையிலையும் சேர்ந்து பட்ட வாய் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயைத் திறக்கச் சிரமம் என்று ஏதாவது இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை, அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. எனர்ஜி டிரிங்க்கில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காபீன் இருக்க அனுமதி உண்டு. நைட் ஷிப்டில் அதை இரண்டு டின் குடித்து, மேலே டீயும் குடிப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

தெளுவு, அதாவது பதநீர் சீசனில் ஒரு எச்சரிக்கை. காலையில் இறக்கிய, சுண்ணாம்பு சரியாகப் பூசிய தெளுவில் குற்றமில்லை. வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகிவிடும். குடியை விட்டவர் மத்தியானம் ரோட்டோரம் விற்கும் தெளுவை நம்பி வாங்கிக் குடிப்பது தேவையில்லாத விஷப்பரீட்சை.

பொருளை மாற்றிவிட்டு இடத்தை மாற்றாமல் இருப்பதும் இதே வகைதான். சாயங்காலம் பேக்கரி வாசலில் நிற்கும் கூட்டம் பெரும்பாலும் பழைய குடிக் கூட்டாளிகள். டீ, தம், கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் இரண்டு பேர் மெல்ல நகர்வார்கள். “நீ வேண்டாம்பா, சும்மா கூட வந்து உக்காரு” என்பார்கள். டீயை வீட்டுத் திண்ணையிலோ, கோயில் வாசலிலோ, வேறொரு பேக்கரியிலோ குடிக்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் கொடுக்கும் டீ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஆள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “ஏனுங்க மாமா, இது எத்தனாவது சிகரெட்டுங்க?” என்று பிள்ளைகள் முன்னால் கேட்டால் அவர் எண்ணிக்கையைக் குறைக்க மாட்டார், மறைக்கக் கற்றுக்கொள்வார். மறைத்துப் பழகுவது குடிநோயின் பழைய குணம், அதை மறுபடி எழுப்பிவிட வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, சாயங்காலம் கூட ஒரு நடை, மருத்துவரிடம் போகும்போது துணை என்று உதவினால் பலன் கிடைக்கும்.

சிகரெட்டை விடும் நாள் வரும்போது

பெரும்பாலானவர்கள் அறியாதது ஒன்று. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, காபீனைச் சுமார் இரு மடங்கு வேகத்தில் கரைக்க வைக்கும். புகையை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாளில் குறைந்துவிடும். அதே ஆறு டீ, உடம்பில் பன்னிரண்டு டீ குடித்த மாதிரி நிற்கும். தூக்கமின்மையும் பதற்றமும் ஏறும், “சிகரெட்டை விட்டதால்தான் இப்படி” என்று மறுபடி பற்றவைத்துவிடுவார்கள். புகையை நிறுத்தும் வாரத்தில் டீ, காபியைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். மனநல மாத்திரை ஏதாவது சாப்பிடுபவர்கள் புகையை நிறுத்தப்போவதை மருத்துவரிடம் முன்னாலேயே சொல்ல வேண்டும், சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டி வரும்.

நிகோடின் சூயிங்கத்தைப் பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். டீயோ காபியோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் நிகோடின் சரியாக ஏறாது. “கம் வேலை செய்யலீங்க” என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பேக்கரியிலிருந்து வரும் வழியில் போட்டிருப்பார்கள். பியூப்ரோப்பியான் என்ற மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று தானாக வாங்கக் கூடாது. குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம். குடித்த பழக்கத்தை மருத்துவரிடம் கூச்சப்படாமல் முழுசாகச் சொல்லுங்கள்.

புகையிலையை விட 1800-11-2356 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மனசு தாங்கவில்லை என்றால் 14416, குடி திரும்பிவிடுமோ என்று பயமாக இருந்தால் 14446. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பவர் 14416-ஐ அந்த நேரத்திலும் கூப்பிடலாம்.